லென்ஸ் பழுதா, நம் கை பழுதா? கடைக்கு ஓடும் முன் வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

ஒரு ஜனவரி மாதம், புதிதாக வாங்கிய 70-300 லென்ஸோடு விடியற்காலையிலேயே வேடந்தாங்கல் போய் இறங்கி, நானூறு படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால் ஒன்றுகூடத் தேறவில்லை. நத்தைகுத்தி நாரைக்குக் கண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. மறுநாள் கடை திறக்கும்போதே போய் நின்று, "ஓட்டை லென்ஸைத் தலையில் கட்டிவிட்டீர்கள்" என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் ஒன்றும் பேசாமல், லென்ஸின் முன்னால் காப்புக் கண்ணாடியாக மாட்டியிருந்த யூவி ஃபில்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து எதிர்ச்சாரிப் பெயர்ப்பலகையை எடுத்துக் காட்டினார். எழுத்து ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் நின்றது. ஃபில்டரை மாட்டி எடுத்தார், அதே பலகை பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. அந்த ஃபில்டர் நானே வேறு இடத்தில் 200 ரூபாய்க்கு வாங்கி மாட்டியது.

அதற்கப்புறம் என்னுடைய லென்ஸ், நண்பர்களுடையது என்று நிறைய "பழுதான" லென்ஸ்களைப் பார்த்தாயிற்று. பெரும்பாலானவற்றில் லென்ஸுக்கு ஒன்றுமே இல்லை. சிலவற்றில் நிஜமாகவே இருந்தது. இரண்டையும் பிரிக்க நான் நம்பியிருப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: பழுது என்றால் அது ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே மாதிரி வரும். நம் தப்பு படத்துக்குப் படம் மாறும்.

உலகத்திலேயே பேர் போன பழுது ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியுடையது. 1990 ஏப்ரலில் மேலே அனுப்பினார்கள். ஒளியைக் குவிக்கும் அதன் 2.4 மீட்டர் கண்ணாடியின் ஓரம் 2.2 மைக்ரான் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது, அதாவது தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. கண்ணாடியைத் தேய்க்கும்போது அளந்துபார்த்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்ததுதான் காரணம். அது எடுத்த எல்லாப் படத்திலும், எல்லா நட்சத்திரத்தைச் சுற்றியும் ஒரே மாதிரி ஒளிவட்டம் விழுந்தது. அந்த "ஒரே மாதிரி" இருந்ததால்தான் குறை என்ன, எவ்வளவு என்று துல்லியமாகக் கணக்குப் போட்டு, 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய் அதற்கு மூக்குக்கண்ணாடி மாதிரி ஒன்றைப் பொருத்த முடிந்தது. நாளுக்கொரு மாதிரி மங்கியிருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. உங்கள் லென்ஸையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

1. முதலில் படத்தைப் பாருங்கள், லென்ஸை அப்புறம் பார்க்கலாம்

"மங்கலாக இருக்கிறது" என்பது போதாது. எப்படி மங்கல்? கெட்ட படங்களில் ஒரு பத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படத்தில் எங்கேயாவது ஒரு இடம் கூர்மையாக இருக்கிறதா? முகம் மங்கல், ஆனால் காதோ சட்டைக் காலரோ பின்னாலிருக்கும் செடியோ பளிச்சென்று இருந்தால் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது, ஃபோகஸ் வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தால், விளக்குப் புள்ளிகள் கோடாகியிருந்தால், கை ஆடியிருக்கிறது. நின்ற பொருள் எல்லாம் தெளிவு, ஓடுகிற பையன் மட்டும் கரைந்திருக்கிறான் என்றால் ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் திறந்து மூடும் வேகம், போதவில்லை. ஒட்டுமொத்தமாக வெளிறிப்போய் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் ஃபில்டர், விரல் ரேகை, எதிர் வெயில், ஈரம் இதில் ஏதாவது ஒன்று. படத்தின் ஒரு பக்கம் மட்டும், எடுத்த எல்லாப் படத்திலும் அதே பக்கம் குழைந்திருந்தால்? இப்போதுதான் லென்ஸ்மேல் சந்தேகப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

எந்த அளவில் பார்க்கிறீர்கள் என்பதும் உண்டு. 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். அதைச் சாதாரண 24 அங்குல மானிட்டரில் 100 சதவீதத்தில் பார்ப்பது, ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமாக அச்சடித்து அதில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்பதற்குச் சமம். அப்படிப் பார்த்தால் எந்த லென்ஸும் கொஞ்சம் அழத்தான் செய்யும். ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்) என்றால் ஷார்ப்பனிங்கும் (கூர்மையாக்கலும்) பெரும்பாலும் நாம்தான் போட வேண்டும். ஜேபெக்கில் கேமராவே போட்டுவிடுவதால் இரண்டையும் ஒப்பிட்டுப் புலம்புவதில் பொருளில்லை.

2. அப்புறம், வெட்கப்பட வைக்கும் விஷயங்களை முடித்துவிடுங்கள்

இதில் ஒன்றாவது எல்லோரும் செய்திருப்போம், நானும்தான்.

வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியே பார்த்தால் எல்லாமே மங்கல், ஆனால் எடுத்த படம் நன்றாக இருக்கிறது என்றால் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் டயாப்டர் குமிழ் பையில் உரசித் திரும்பியிருக்கும். உள்ளே தெரியும் எண்கள் தெளிவாகும் வரை திருப்புங்கள், வேலை முடிந்தது. ஃபோகஸே பிடிக்கவில்லை என்றால் லென்ஸின் பக்கவாட்டு பட்டன் எம்எஃப் (கையால் ஃபோகஸ்) என்பதில் இருக்கிறதா பாருங்கள். தூரத்தில் இருப்பதை எடுக்கும் பெரிய டெலி லென்ஸ்களில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு பட்டனும் இருக்கும், அது தூரத்துக்கு மட்டும் என்று நின்றால் பக்கத்துக் கிளையில் இருக்கும் குருவியைப் பிடிக்காது. ஒவ்வொரு லென்ஸுக்கும் இதற்குக் கிட்டே வராதே என்ற ஒரு எல்லையும் உண்டு: கேனான் 50 மி.மீ. எஸ்டிஎம்முக்கு 35 செ.மீ., 18-55 எஸ்டிஎம்முக்கு 25 செ.மீ. மல்லிகைப் பூவை உள்ளங்கை தூரத்தில் வைத்துக்கொண்டு "லென்ஸ் உறுமுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது" என்றால் அது லென்ஸின் குற்றமில்லை.

பழைய லென்ஸ் வாங்கியவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். நிக்கான் ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 போன்ற பாடிகளிலும் (லென்ஸ் நீங்கலான கேமரா) மோட்டார் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்தால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், லென்ஸ் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதே ஏஎஃப்-டி லென்ஸை மாட்டியதும் திரையில் "எஃப்இஇ" என்று மின்னினால், லென்ஸில் இருக்கும் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தை மிகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டினால் போதும். கேனானில் "எர்ரர் 01" வந்தால் கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். பின்பக்கம் தங்க நிறத்தில் இருக்கும் தொடர்புப் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். துடைத்தும் வருகிறது, அதுவும் ஜூமை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் வருகிறது என்றால், உள்ளே இருக்கும் ரிப்பன் கேபிள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது நிஜப் பழுது.

ஈரத்தை மறக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராகச் சென்னைப் புழுக்கத்துக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் கண்ணாடிமேல் ஆவி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டு எடுங்கள்.

3. லென்ஸுக்கு ஒரு நியாயமான வாய்ப்பு

இப்போது கேள்வி ஒன்றே ஒன்று: எல்லா வசதியும் செய்து கொடுத்தால் இந்த லென்ஸால் கூர்மையான படம் எடுக்க முடியுமா?

கேமராவை உறுதியான ட்ரைபாடில் வையுங்கள். ட்ரைபாட் இல்லையா, சாப்பாட்டு மேசைமேல் நாலு புத்தகத்தை அடுக்கி வைத்தாலும் சரி. ஃபில்டரைக் கழற்றுங்கள். லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் அதை அணையுங்கள், ஏனென்றால் பழைய லென்ஸ்களில் அது ட்ரைபாடில் நிற்கும்போது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் எஃப் 8 (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), 2 விநாடி டைமர். டிஎஸ்எல்ஆர் (உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த கேமரா) என்றால் லைவ் வியூவுக்கு, அதாவது பின்பக்கத் திரையில் பார்க்கும் முறைக்குப் போய், திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். எதை எடுப்பது? நல்ல வெளிச்சத்தில் இருக்கும், நுணுக்கமான விவரமுள்ள ஏதாவது ஒன்று. தினசரிப் பத்திரிகையின் வரி விளம்பரப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைத்தால் அதைவிட நல்ல பொருள் கிடையாது.

படத்தின் நடுப்பகுதி கூர்மையாக வந்துவிட்டதா? அப்படியானால் கண்ணாடிக்குப் பெரிய கோளாறு எதுவும் இல்லை, மிச்சப் பிரச்சினை ஃபோகஸிலோ கையிலோ ஓரங்களிலோ இருக்கிறது. இத்தனை செய்தும் நடுப்பகுதியே குழைகிறதா? வேறொரு லென்ஸை அதே இடத்தில் மாட்டி அதே படத்தை எடுங்கள். அதுவும் குழைந்தால் பாடியையோ உங்கள் மேசையையோ பாருங்கள். அது தெளிவாக வந்தால் 4, 5 எல்லாம் வேண்டாம், நேராக டார்ச் அடிக்கும் 6-க்குப் போய்விடுங்கள். ஒன்று மட்டும், இந்த லென்ஸைப் பாடியை மாற்றாமல் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். நண்பரிடம் பத்து நிமிடம் இன்னொரு பாடி கடன் வாங்கினால் பாதிக் குழப்பம் தீரும். வானத்தில் தெரியும் கரும்புள்ளிகள் அப்படித்தான்: எஃப் 16-இல் வைத்து எடுக்கும்போது எந்த லென்ஸை மாட்டினாலும் அதே இடத்தில் தெரிந்தால், தூசி கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் இருக்கிறது.

அடுத்து அதே பொருளை, அதே இடத்திலிருந்து, கையில் பிடித்து எடுங்கள். ஷட்டர் ஸ்பீடு குறைந்தது ஃபோக்கல் நீளத்தின் (லென்ஸின்மேல் மி.மீ.-இல் போட்டிருக்கும் எண்) தலைகீழாக இருக்க வேண்டும் என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய சென்சார் கேமராவில் அந்த நீளத்தை ஒன்றரையால் பெருக்க வேண்டும், ஆக 300 மி.மீ. என்றால் 1/450 விநாடியைவிட மெதுவாக வைக்காதீர்கள். இன்றைய பிக்சல் நெருக்கத்துக்கு நான் 1/640 வைப்பேன். மேசைமேல் தெளிவு, கையில் மங்கல் என்றால் வழக்கு முடிந்தது, தீர்ப்பு உங்களுக்கு எதிராக.

டெலி லென்ஸ்காரர்களுக்கு இன்னொன்று. தரையும் நீரும் சூடேறியதும் மேலெழும்பும் காற்று அலையடிக்கும், தார்ச்சாலையில் கானல் தெரிவதும் இதனால்தான். பதினொரு மணிக்கு மேல் ஏரிக்கரையில் நின்றுகொண்டு எதிர்க்கரை மரத்தில் இருக்கும் பறவையை எடுத்தால், லட்ச ரூபாய் லென்ஸும் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த மாதிரிதான் தரும். பத்துப் படத்தைத் தொடர்ச்சியாக எடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பறவையின் ஓரம் வேறு வேறு மாதிரி நெளிந்தால் அது காற்று. ஃபில்டரைக் கழற்றிய பிறகு நான் மறுபடி வேடந்தாங்கல் போனபோது மதியப் படங்கள் எல்லாம் இப்படித்தான் போயின, காலை ஏழு மணிப் படங்கள் அத்தனையும் தப்பின.

4. ஃபோகஸ் முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா

50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிய முதல் மாதத்தில் வரும் புகார் இதுதான். அண்ணன் மகள் ஒருத்தி, "சித்தப்பா, இந்த லென்ஸ் கண்ணையே பிடிக்க மாட்டேங்குது" என்று கொண்டுவந்து கொடுத்தாள். கணக்கைப் பாருங்கள்: சிறிய சென்சார் கேமராவில் எஃப் 1.8 வைத்து ஒரு மீட்டர் தள்ளியிருப்பவரை எடுத்தால், கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே 3 செ.மீ. வராது. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பிடித்து, பட்டனை அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டகத்தைச் சரிசெய்து, அதற்குள் நாம் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்துவிட்டால் கண் போயிற்று. அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின்மேலேயே நகர்த்தி வைக்கச் சொன்னேன், எஃப் 2.8-க்குப் போகச் சொன்னேன், லென்ஸ் குணமாகிவிட்டது.

ஆனால் டிஎஸ்எல்ஆரில் நிஜமான கோளாறும் வரும். அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் எடுக்கும் சென்சார் வேறு. இரண்டுக்கும் ஒளி போகும் பாதை மயிரிழை வித்தியாசப்பட்டாலும் ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும். சோதிப்பது சுலபம். ட்ரைபாடில் கேமரா, முன்னால் ஒரு அட்டைப்பெட்டியைச் செங்குத்தாக வைத்து அதன் ஓரமாக ஒரு அளவுகோலை 45 பாகை சாய்த்து வையுங்கள். ஃபோக்கல் நீளத்தைப் போல 25-இலிருந்து 50 மடங்கு தூரம், 50 மி.மீ.க்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டரை மீட்டர். முழுதாகத் திறந்த அபெர்ச்சர். ஃபோகஸ் புள்ளி பெட்டியின்மேல். வியூஃபைண்டர் வழியே பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும். கலைக்காவிட்டால் லென்ஸ் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடும். பிறகு லைவ் வியூவில் பத்துப் படம்.

லைவ் வியூ படங்கள் சரி, வியூஃபைண்டர் படங்கள் பத்தும் ஒரே அளவு முன்னால் விழுகின்றன என்றால் அது ஒத்திசைவுக் கோளாறு. கேனான் 7டி, 80டி, நிக்கான் டி7000 போன்ற பாடிகளில் மெனுவிலேயே இதைத் திருத்திக்கொள்ளலாம். ஆரம்பநிலை பாடிகளில் அந்த வசதி இல்லை, சர்வீசுக்குத்தான் அனுப்ப வேண்டும். பத்தும் பத்து இடத்தில் சிதறினால் வெளிச்சம் குறைவா, ஃபோகஸ் பொருளில் கோடுகள் போதவில்லையா என்று பாருங்கள். நல்ல வெளிச்சத்திலும் சிதறிக்கொண்டே இருந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். மிரர்லெஸ்காரர்கள் (உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா வைத்திருப்பவர்கள்) இந்தப் பகுதியை ஏறக்குறைய தாண்டிப் போகலாம், அவர்களுக்குப் படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது.

5. ஒரு பக்கம் மட்டும் குழைகிறதா

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சில லென்ஸ்களில் கூடம் நிஜமாகவே கோணல்தான். லென்ஸுக்குள் பத்துப் பதினைந்து கண்ணாடித் துண்டுகள் ஒரே அச்சில் உட்கார வேண்டும். ஒன்று துளி சாய்ந்தாலும், கீழே விழுந்து நகர்ந்தாலும், படத்தின் ஒரு பக்கமோ ஒரு மூலையோ குழையும். தொழிற்சாலையிலிருந்தே இப்படி வருவதும் உண்டு. நான் கையில் பிடித்துப் பார்த்த உண்மையான பழுதுகளில் பாதி இந்த ரகம்.

சுவரில் பத்திரிகையை ஒட்டி இதைச் சோதித்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேமரா சுவருக்கு ஒரு பாகை சாய்ந்து நின்றாலே ஒரு பக்கம் மங்கிவிடும். சுவரில்தான் சோதிக்க வேண்டும் என்றால், பத்திரிகையின் நடுவில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு படிய ஒட்டுங்கள். அதில் உங்கள் லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் சரியான நடுவில் தெரியும்படி கேமராவை நகர்த்தினால் கேமரா சுவருக்கு நேராக நிற்கிறது.

எனக்குப் பிடித்தது மொட்டைமாடிச் சோதனை. தொலைவில், எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் கட்டட வரிசையோ மரவரிசையோ பாருங்கள். முழுதாகத் திறந்த அபெர்ச்சரில், நடுவில் ஃபோகஸ் செய்து, ஒரு படம். பிறகு ஃபோகஸைத் தொடாமல் கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்னொரு படம். முதல் படத்தில் இடது பக்கத் தண்ணீர்த் தொட்டி மங்கலாக இருந்தது என்று வையுங்கள். தலைகீழாக எடுத்ததில் அந்தத் தொட்டி தெளிந்து, மறுபக்கம் இருந்த செல்போன் கோபுரம் மங்கினால், மங்கல் லென்ஸோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது, குற்றவாளி பெரும்பாலும் லென்ஸ். தொட்டியே மறுபடியும் மங்கலாக இருந்தால் தொட்டி வேறு தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான்கு மூலையும் சமமாக மங்கினால்? அது பெரும்பாலும் அந்த லென்ஸின் பிறவிக் குணம். ஃபோகஸை ஒரு மூலையில் வைத்து எடுத்துப் பாருங்கள். மூலை தெளிந்து நடு மங்கினால் அந்த லென்ஸ் தட்டையாகப் பார்ப்பதில்லை, கிண்ணம் மாதிரி வளைவாகப் பார்க்கிறது. மாற்றிக் கேட்டாலும் அதே குணத்தோடுதான் அடுத்ததும் வரும். எஃப் 1.8-இல் மூலை இருட்டுவது, வெயிலில் மின்னும் ஓரங்களில் ஊதா நிறம் கசிவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். எதிர்த் திசையில் எஃப் 22-க்குப் போகிறவர்களும் உண்டு, "எல்லாம் தெளிவாக வரட்டும்" என்று. அந்தச் சின்னத் துளையில் ஒளி விரிந்து, ஒரு புள்ளி 30 மைக்ரான் வட்டமாகிவிடுகிறது. 24 மெகாபிக்சல் சிறிய சென்சாரில் அது ஏழு பிக்சலுக்கு மேல். எஃப் 8 தெளிவு, எஃப் 22 மங்கல் என்பது இயற்பியல்.

6. டார்ச் அடித்துப் பார்ப்பது

இருட்டு அறையில், லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் விளக்கைச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது இதை விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள்.

நாலைந்து தூசி தெரியும், பயந்துவிடாதீர்கள், படத்தில் தெரியாது. முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலும் அப்படித்தான், விலையைக் குறைக்கத்தான் உதவும். பின் கண்ணாடிக் கீறல் வேறு, அது சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் வேலையைக் காட்டும். சிலந்தி வலை மாதிரியோ வேர் பரவிய மாதிரியோ இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பீரோவுக்குள் துணியோடு வைத்த லென்ஸுக்கு இது வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆரம்பத்தில் பிடித்தால் திறந்து துடைக்கலாம், விட்டால் மேற்பூச்சையே அரித்துவிடும். பால் கலந்த மாதிரி மூட்டம் தெரிந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கலாம், எதிர் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எல்லாம் வெளிறுவதற்கு அதுவே காரணம். அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பசை மினுங்கினால் அவை மெதுவாக மூடும். அதை உறுதிசெய்ய ஒரே வெளிச்சத்தில் எஃப் 2, எஃப் 8, எஃப் 16 மூன்றிலும், கேமராவே ஷட்டரைச் சரிசெய்யும் முறையில் எடுங்கள். எண் ஏற ஏறப் படமும் வெளுத்துக்கொண்டே போனால் தகடு ஒட்டுகிறது.

சத்தத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆட்டத் தடுப்பு லென்ஸ் மெல்ல ரீங்கரிக்கும். இப்போதைய மிரர்லெஸ் லென்ஸ்கள் சிலவற்றை அணைத்துவிட்டுக் குலுக்கினால் உள்ளே ஏதோ உடைந்த மாதிரி கடகடவென்று ஆடும், மின்சாரம் இல்லாதபோது அந்தக் கண்ணாடிக் கூட்டம் சும்மா தொங்குகிறது. நீட்டிய ஜூம் குழல் துளி ஆடுவதும் சகஜம். மணல் அரைபடும் சத்தம் மட்டும் சகஜமில்லை.

7. நிஜமாகவே பழுதுதான் என்றால்

"மங்கலாக இருக்கிறது சார்" என்று சொன்னால் சர்வீஸ் சென்டரில் "எங்கள் சோதனையில் சரியாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவார்கள், எனக்கே ஒரு தடவை அப்படி நடந்தது. இரண்டாம் தடவை போனபோது தலைகீழ்ச் சோதனையின் இரண்டு படங்களையும் எடுத்த மாதிரியே, எந்தத் திருத்தமும் செய்யாமல் பென்டிரைவில் கொண்டுபோனேன். கூடவே ஒரு தாளில் "35 மி.மீ., எஃப் 3.5, இடப்பக்கம், எப்போதும்" என்று ஒரே வரி. அங்கிருந்த பொறியாளர் படத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, வேறெதுவும் கேட்காமல் ரசீது போட்டார். ஃபோகஸ் கோளாறு என்றால் பாடியையும் சேர்த்துக் கொடுங்கள், இரண்டையும் மாட்டித்தான் ஒத்திசைக்க முடியும். வாங்கிய பில்லும் உத்தரவாத அட்டையும் கையில் இருக்கட்டும். புது லென்ஸை வாங்கிய முதல் வாரத்திலேயே மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள், மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடைகளும் அந்தச் சில நாட்களுக்குள்தான் ஒப்புக்கொள்ளும். என் 200 ரூபாய் ஃபில்டர் இன்னும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது, யாராவது லென்ஸோடு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.